ஈயம் உருக்கும் முன்: வீட்டுப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோயமுத்தூர்ப் பக்கம் யாரிடமாவது ஈயத்தைப் பற்றி எச்சரித்துப் பாருங்கள். "ஏனுங்க, இரும்பையே உருக்கி ஊத்தற ஊருங்க இது. ஈயம் என்னங்க பண்ணிரும்?" என்பார்கள். பம்புசெட்டும் மோட்டாரும் வார்க்கும் பவுண்டரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். வார்ப்பிரும்பை ஊற்ற 1,300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், அதற்கு ஒரு விறகடுப்பு போதும். ஆனால் இரும்பு சுட்டால் அந்த நொடியே தெரிந்துவிடும். ஈயம் உடம்புக்குள் போவது தெரியவே தெரியாது. வாசனை இல்லை, எரிச்சல் இல்லை, அன்றைக்கு இருமல்கூட வராது. பாதிப்பும் பல நேரம் வேலை செய்தவருக்கு வருவதைவிட வீட்டில் தவழும் குழந்தைக்குத்தான் அதிகமாக வரும்.

மேட்டூர், பவானிசாகர், ஆழியாறு என்று தூண்டில் போடப் போகிறவர்கள், வீச்சு வலைக்கு ஈயமணி கட்டுகிறவர்கள், வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டிப் பாட்டுக் கேட்கிறவர்கள், வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்து பார்க்கிறவர்கள், பழைய கதவு நிலைகளைச் சுரண்டிப் புதுப்பிக்கிறவர்கள், எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். அதிக இடம் ஈயம் உருக்குவதற்குப் போகும். தப்பு நடக்க வாய்ப்பு அதிகம் அங்கேதான்.

ஈயம் எந்த வழியில் உள்ளே போகிறது

ஈயம் என்றதும் எல்லோரும் புகைக்குப் பயப்படுகிறார்கள். புகையும் ஆபத்துதான். ஆனால் உருகுநிலையை ஒட்டிய சூட்டில் ஈயத்திலிருந்து கிளம்பும் ஆவி மிகக் குறைவு. சூடு 500 டிகிரியை நெருங்கும்போதுதான் அது கணிசமாகும். வீட்டுப் பட்டறையில் பெரிய வில்லன், உருகிய ஈயத்தின் மேல் படியும் சாம்பல் நிறக் கசடு. காற்றோடு சேர்ந்து உண்டாகும் ஈய ஆக்சைடு அது. மாவு போல நுண்ணிய தூள். அதை வழித்து எடுக்கும்போது கொஞ்சம் பறக்கும், கரண்டியில் ஒட்டும், கையில் ஒட்டும், சட்டையில் உட்காரும். அந்தக் கையோடு டீ டம்ளரைப் பிடித்தால், வெற்றிலை மடித்தால், பீடி பற்றவைத்தால் நேராக வாய்க்குப் போய்விடும். சட்டையோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்கினால், அதன் வாய்க்குப் போகும்.

பெரியவர் விழுங்கும் ஈயத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு ரத்தத்தில் சேரும். சின்னக் குழந்தைக்கு அது பாதி வரைகூடப் போகலாம். வெறும் வயிற்றில் இருப்பவர்களுக்கும், உடம்பில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தவர்களுக்கும் இன்னும் கூடும். உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேமித்து வைக்கிறது. ரத்தத்திலிருந்து பாதி ஈயம் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்பில் இருப்பது பத்து இருபது வருஷங்கள் தங்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பு கரையும்போது அந்தப் பழைய ஈயமும் ரத்தத்தில் கலந்து குழந்தைக்குப் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்கும். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, ரத்தசோகை. இவ்வளவு வரைக்கும் பாதிப்பில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வரும்: தூசி பட்டறை எல்லையைத் தாண்டக் கூடாது.

ஈயம்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

தூண்டில் குண்டுக்கு ஈயம் வசதியானது. ஒரு கன சென்டிமீட்டருக்கு 11 கிராமுக்கு மேல் எடை. சின்ன உருண்டை சட்டென்று அடிக்குப் போய்விடும். ஆனால் குளத்துக்கும் கிணற்றுக்கும் ஜிலேபி, கெண்டை பிடிக்கப் போகிறவருக்கு அவ்வளவு கனம் தேவையே இல்லை. பழைய நட்டு, போல்ட், வாஷர் கட்டினால் போதும். துளையிட்ட கல்லையும் சுட்ட மண் குண்டையும் வலைக்குக் கட்டிய வழக்கம் மிகப் பழையது, இன்றைக்கும் வேலைக்கு ஆகும். வெள்ளோடு, நஞ்சராயன் குளம் போலப் பறவைகள் கூடும் நீர்நிலைகள் நம் பக்கம் நிறைய. நீர்ப்பறவைகள் இரை அரைக்கச் சின்னக் கற்களை விழுங்கும். அறுந்து விழுந்த ஈயக்குண்டும் அதற்குக் கல்தான். இங்கிலாந்தில் அன்னப்பறவைகள் இப்படிச் செத்ததால் 1987-லேயே சிறிய ஈயத் தூண்டில் குண்டுகளைத் தடை செய்துவிட்டார்கள்.

சால்டரிங்குக்கும் (மின் இணைப்புகளைக் கம்பி உருக்கி ஒட்டுவது) ஈயம் இல்லாத கம்பி கிடைக்கிறது. வெள்ளீயமும் (டின் என்ற வேறு உலோகம்) கொஞ்சம் செம்பும் கலந்தது; 227 டிகிரியில் உருகும். வழக்கமான 63/37 கம்பி (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) 183 டிகிரியில் உருகுவதால் வேலைக்கு அதுதான் சுலபம், உண்மை. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதாக இருந்தால் ஈயமில்லாத கம்பியைத் தவிர வேறு எதையும் எடுக்காதீர்கள்.

ஈயத்தில் செய்யவே கூடாதவையும் உண்டு. சாப்பாடு, தண்ணீர் படும் எந்தப் பொருளும் கூடாது. குழந்தை விளையாடும் பொம்மை கூடாது. கழுத்தில், கையில் போடும் நகை கூடாது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. இங்கே பேசுவது காரீயம். "ஈயம்தானே" என்று பழைய சொம்பின் ஓட்டையைக் காரீயம் வைத்து அடைத்தால், புளியும் தக்காளியும் அதைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும்.

எங்கிருந்து ஈயம் எடுப்பது

பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஈயம் எல்லாம் ஒன்று கிடையாது. பழைய கேபிள் உறை, ஈயத் தகடு, பழைய வலைக் குண்டு, இவை பரவாயில்லை. டயர் கடையில் கிடைக்கும் வீல் வெயிட்டில் இப்போது துத்தநாகமும் இரும்பும் கலந்து வருகின்றன. நகத்தால் அழுத்திக் கீறினால் கோடு விழுந்தால் ஈயம். தரையில் போட்டால் மொத்தென்று விழுவது ஈயம். கணீரென்று சத்தம் வந்தால் துத்தநாகமோ இரும்போதான். தப்பித்தவறி ஒன்றிரண்டு கலந்துவிட்டாலும் சூட்டை 400 டிகிரிக்குக் கீழே வைத்திருந்தால் துத்தநாகம் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம்.

பேட்டரி ஈயத்தை மட்டும் தொடாதீர்கள். கார் பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி எதுவாக இருந்தாலும் சரி. உள்ளே ஆசிட் இருக்கிறது, தூளாக உதிரும் ஈயச் சேர்மங்கள் இருக்கின்றன. தகடுகளில் ஆன்டிமனி, ஆர்சனிக், கால்சியம் கலந்திருக்கும். உருக்கிய கசடில் ஈரம் பட்டால் ஆர்சின் என்ற கொடிய வாயு உண்டாகலாம். பழைய பேட்டரியைப் புது பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்று. இரும்புக் கடையில் கனத்த, மூடிய ஈயப் பெட்டியோ உருளையோ கிடந்து, அதில் மூன்று இதழ் போன்ற கதிர்வீச்சுக் குறி இருந்தால், கிட்டவே போகாதீர்கள். 2010-இல் டெல்லி மாயாபுரியில் பழைய ஆய்வகக் கருவி ஒன்று குப்பையாக விற்கப்பட்டு, அதற்குள் இருந்த கோபால்ட்-60 வெளியே வந்து ஓர் உயிர் போனது. காவல்துறைக்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள்.

இடம்

வீட்டுக்குள் கூடாது, சமையலறையில் கூடவே கூடாது. திறந்த வெளி, மேலே கூரை, பக்கங்கள் திறப்பு: இதுதான் வேண்டியது. தோட்டத்துச் சாளையை ஒட்டிய கொட்டகை, களத்து ஓரத் தகரக் கூரை பொருத்தமானவை. கூரை எதற்கு என்றால், உருகிய ஈயத்தில் ஒரு மழைத்துளி விழுந்தால் போதும், தண்ணீர் சட்டென்று நீராவியாகி ஈயத்தை முகத்துக்கு வீசியடிக்கும்.

நம் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று. பொள்ளாச்சி, பல்லடம், தாராபுரம் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய காற்று முதுகுப்புறமிருந்து வந்தால் நல்லது, புகையை முகத்திலிருந்து தள்ளிவிடும். ஆடிக் காற்று அடித்தாலோ கசடுத் தூளை வாரி மிளகாய் காயும் பாய்வரைக்கும் கொண்டுபோகும். அந்த மாதங்களில் காற்று விழும் விடியற்காலையில் செய்யுங்கள், இல்லாவிட்டால் தள்ளிப்போடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

தரையும் முக்கியம். மண் தரை, சாணி மெழுகிய தரை இரண்டும் ஆகாது. விழுந்த தூள் அதற்குள்ளேயே தங்கிவிடும், கழுவி எடுக்க வழியில்லை. வழவழப்பான சிமெண்டு தரை, அதன்மேல் ஓரம் மடித்த பெரிய தகரத் தட்டு. எல்லா வேலையும் அந்தத் தட்டுக்குள் நடக்கட்டும்.

கிணறு, தண்ணீர்த் தொட்டி, தீவனப் போர் இவற்றிலிருந்து தள்ளி இருங்கள். மாடு இருக்கும் வீட்டுக்காரர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். மாடுகளுக்கு ஈய விஷம் மிகச் சுலபமாக ஏறும். பழைய பேட்டரி, பெயின்ட் டப்பா, ஈயக் கசடு எதைக் கண்டாலும் நக்கிப் பார்க்கும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்பதும், பல்லை நறநறப்பதும், வலிப்பும் அதன் அறிகுறிகள். பார்த்துப் பார்த்து வளர்த்த காங்கேயம் மாட்டை ஒரு டப்பா கசடு கொன்றுவிடும். கோழிகள் தரையில் கிடக்கும் ஈயத் துணுக்கைக் கல் என்று கொத்தும்; அப்புறம் அது முட்டையில் வரும். அந்த முட்டையைச் சாப்பிடப்போவது நம் பிள்ளைகள். பட்டறையைச் சுற்றி ஒரு வலைத் தடுப்பு போட்டுவிடுங்கள்.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வேலை நடக்கும்போது மட்டுமில்லை, முடிந்த பிறகும் அந்த இடத்துக்கு வரக் கூடாது.

பாத்திரமும் அடுப்பும்

சூட்டைத் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் வைத்த மின்சார உருக்குப் பானை இருந்தால் அதுதான் சிறந்தது. அது இல்லையென்றால் கனமான வார்ப்பிரும்பு அல்லது எஃகுப் பாத்திரம், தடித்த அடி, அகலமான உட்காரும் பாகம். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். 660 டிகிரியில்தான் உருகும் என்றாலும் அதற்கு முன்பே தளர்ந்து, ஈயத்தின் கனத்தில் கைப்பிடியோடு கழன்று வரும். துத்தநாகப் பூச்சுள்ள வாளியும் வேண்டாம். பாத்திரம், கரண்டி, அடுப்பு எதுவும் திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது. சிவப்புப் பெயின்டால் அடையாளம் போட்டு வையுங்கள்.

தனி கேஸ் பர்னர் நல்லது, சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம். கொட்டாங்குச்சிக் கரியைப் போட்டு புளோயர் வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். அது வேண்டாம். சூடு கட்டுக்குள் நிற்காது, 500 டிகிரியைத் தாண்டியது தெரியாமலேயே ஆவி கிளம்பிவிடும். சின்னக் குண்டுகள் வார்க்க 350 முதல் 400 டிகிரி தாராளம். அளக்க, ஈயத்துக்குள் முக்கும் கம்பி வகைத் தெர்மோமீட்டரை வாங்குங்கள். தூரத்திலிருந்து காட்டி அளக்கும் இன்ஃப்ராரெட் கருவி பளபளப்பான உலோகத்தின்மேல் சூட்டைக் குறைத்துக் காட்டும். அதை நம்பி இன்னும் கொஞ்சம் ஏற்றுவோம் என்று போனால் ஆபத்து. மேல் ஆடையில் தங்க நிறமும் ஊதாவும் ஓடினால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம்.

உடுப்பு

முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்திப் பேன்ட், தோல் ஷூ. பேன்ட் கால் ஷூவுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் சிந்தும் ஈயம் ஷூவுக்குள் இறங்கும். கைலி, நைலான் டி-ஷர்ட், ரப்பர் செருப்பு மூன்றும் கூடாது. தோல் கையுறை, தோல் ஏப்ரன், முகம் முழுக்க மறைக்கும் கண்ணாடிக் கவசம்.

மாஸ்க் குறைந்தபட்சம் என்95. அடிக்கடி செய்கிறவர்கள் பி100 வடிகட்டி பொருத்திய அரைமுக மாஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள். துண்டு கட்டுவதும் துணி மாஸ்க்கும் இந்தத் தூளை நிறுத்தாது. தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது, ஓரத்தில் கசியும்.

இந்த உடுப்பு பட்டறையிலேயே இருக்க வேண்டும். செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஈயக் கையால் தொட்ட போன் ராத்திரி குழந்தையின் கையில் இருக்கும்.

உருக்கி ஊற்றுவது

1. சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வெறும் வயிற்றில் தொடங்க வேண்டாம். பட்டறைக்குள் டீ, தண்ணீர், வெற்றிலை, பீடி எதுவும் வரக் கூடாது. தாகம் எடுத்தால் கையுறையைக் கழற்றி, கை முகம் கழுவி, வாய் கொப்பளித்து, வெளியே போய்க் குடியுங்கள்.

2. ஒரு வாளி காய்ந்த மணலைப் பக்கத்தில் வையுங்கள். தண்ணீர் வாளி பட்டறைக்கு வெளியே இருக்கட்டும்.

3. ஈயத் துண்டுகளை முதல் நாளே வெயிலில் காயப்போடுங்கள். ஆற்றோரம் பொறுக்கிய பழைய குண்டுகளின் துளைக்குள் ஈர மணல் அடைத்திருக்கும். குத்தி எடுத்து நன்றாகக் காய வையுங்கள். குளிர்ந்த பானையில் துண்டுகளைப் போட்டு, அப்புறம் அடுப்பை மூட்டுவதுதான் முறை. உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் மெல்ல வெளியேறிவிடும். உருகிய ஈயத்தில் புதுத் துண்டு சேர்க்க வேண்டுமென்றால், பானை விளிம்பில் வைத்துச் சூடேற்றி, மெல்ல இறக்குங்கள். தூக்கிப் போடவே கூடாது.

4. அச்சையும் சூடேற்றுங்கள். அலுமினிய அச்சு வீட்டு வேலைக்கு நல்லது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு பார்க்கக் காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே நீர் இருக்கும், சூட்டில் அது வெடித்துத் தெறிக்கும். முதல் முறை செய்கிறவர்கள் அதைத் தொட வேண்டாம். பவுண்டரியில் ஈர மணல் அச்சில் ஊற்றுகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் ஈரத்தை அளந்து, காற்றுத் துளை விட்டு, வருஷக்கணக்கில் பழகிய கையால் செய்கிறார்கள்.

5. கரண்டியும் ஈரமில்லாமல், சூடாக இருக்க வேண்டும்.

6. உருகியதும் மேலே படியும் கசடைக் கிளறாமல், ஓரத்திலிருந்து மெல்ல வழித்து மூடியுள்ள தகர டப்பாவில் இறக்குங்கள். தட்டாதீர்கள், உதறாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். உடனே மூடுங்கள். அடிக்கடி வழித்தால் அடிக்கடி புதுக் கசடு உண்டாகும். தேவையான அளவுக்கு மட்டும் வழியுங்கள். மெழுகு போட்டுச் சுத்தம் செய்வதாக இருந்தால் பட்டாணி அளவு போதும், குப்பென்று தீப்பிடிக்கும் என்று எதிர்பார்த்துத் தள்ளி நின்று போடுங்கள்.

7. அரைக் கரண்டியாக எடுத்து, அச்சின் வாயில் ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள். முகத்தை அச்சுக்கு நேர் மேலே கொண்டுபோக வேண்டாம்.

8. குண்டு தானாக ஆறட்டும். சீக்கிரம் ஆற வேண்டுமென்று தண்ணீரில் போடுவது, உருகிய பானைக்குப் பக்கத்தில் தண்ணீரைக் கொண்டுவருவதாகும்.

9. பிசிறுகளைக் கத்தியால் அல்லது கட்டரால் நறுக்கி எடுங்கள். அரம் போட்டாலும் கிரைண்டர் போட்டாலும் தூசிதான். கிரைண்டரை ஈயத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

10. முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, பானையிலேயே ஈயம் இறுகும்வரை அங்கேயே இருங்கள்.

சூடுபட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். தோலில் ஒட்டிய ஈயத்தைப் பிய்க்காதீர்கள். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் பூசாதீர்கள். கண்ணில் பட்டாலோ, உள்ளங்கைக்கு மேல் பரப்பு வெந்தாலோ 108-ஐ அழைத்துவிடுங்கள்.

வேலை முடிந்த பிறகுதான் முக்கால்வாசி வேலை

குண்டு நன்றாக வந்த சந்தோஷத்தில் அப்படியே சாப்பிடப் போய்விடும் நேரம் இதுதான். இந்த அரைமணி நேரத்தில் செய்வதும் விடுவதும்தான் வீட்டுக்குள் ஈயம் வருகிறதா இல்லையா என்பதை முடிவு செய்கிறது.

சீமாறு எடுத்துக் கூட்டாதீர்கள். சாதாரண வேக்குவம் கிளீனரும் வேண்டாம். முன்பக்கம் இழுத்து, நுண்தூளைப் பின்பக்கம் காற்றில் விடும். பாத்திரம் கழுவும் சோப்பு கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைப்பதுதான் ஒரே வழி. மேலிருந்து கீழாக: மேசை, கருவிகளின் பிடி, தகரத் தட்டு, கடைசியில் தரை. ஒரு துணி அழுக்கானால் அடுத்த துணி. அழுக்குத் துணியை அதே வாளியில் திரும்பத் திரும்ப முக்கினால் தூசியைப் பரப்புகிறோம் என்றுதான் அர்த்தம். துடைத்த துணிகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டுங்கள். வாளித் தண்ணீரைத் தென்னைக்கோ வாய்க்காலுக்கோ வாழைக்கோ ஊற்றாதீர்கள். கழிப்பறையில் ஊற்றி நிறையத் தண்ணீர் விடுங்கள். மண்ணில் விழுந்த ஈயம் அங்கேயே நிற்கும், மக்கிப் போகாது.

மாஸ்க்கைக் கடைசியாகக் கழற்றுங்கள். முதலில் ஏப்ரன், அப்புறம் கையுறை, சட்டை. எதையும் உதற வேண்டாம், உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி மூடிய வாளியில் போடுங்கள். கையுறை போட்டிருந்தாலும் கையைச் சோப்புப் போட்டு, நகக் கண்களைப் பிரஷ்ஷால் தேய்த்து, முழங்கை வரை கழுவுங்கள். சானிட்டைசர் ஈயத்தை நீக்காது, தேய்த்துப் பரப்பும். முகம் கழுவி, வாய் கொப்பளித்து, நேராகக் குளிக்கப் போங்கள். தலைக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதன் பிறகுதான் சாப்பாடு, அதன் பிறகுதான் பிள்ளையைத் தூக்குவது. பட்டறை ஷூ வாசல்படி ஏறக் கூடாது. உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். அதை வீட்டுப் பெண்கள் தலையில் கட்டாமல் நீங்களே துவைப்பதுதான் நியாயம், பாதுகாப்பும்கூட.

உருக்காமல் செய்யும் வேலைகள்

தூண்டில் நரம்பில் சின்ன ஈயமணியைக் கடித்து இறுக்குவது எல்லாக் குளக்கரையிலும் பார்க்கும் காட்சி. வலைக்கு மணி கோக்கும்போது வாயில் நாலைந்தைப் போட்டு வைத்துக்கொள்வதும் உண்டு. இரண்டையும் நிறுத்த ஒரு குறடு போதும். ஆற்றுக்குப் போகும்போது கட்டுச்சோற்றோடு ஒரு சோப்பும் எடுத்துப் போங்கள். பழைய குண்டுகளின்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது ஈயக் கார்பனேட். விரலில் சுலபமாக ஒட்டும். ஈரத் துணியால் துடைத்து, குண்டுகளுக்கு இரண்டு பூச்சு பெயின்ட் கொடுத்து, மூடியுள்ள தனிப் பெட்டியில் வையுங்கள். ஊறுகாய்ப் பானை, வினிகர் இருக்கும் அலமாரியில் வைக்க வேண்டாம். புளிப்பு ஆவி ஈயத்தை அரிக்கும்.

சால்டரிங்கில் 350 டிகிரி முனையில் ஈய ஆவி கிட்டத்தட்ட இல்லை. அங்கே கண்ணை எரிக்கும் புகை, சால்டர் நன்றாக ஒட்டச் சேர்க்கும் ரோசின் பிளக்ஸ் என்ற பிசின் எரிவது. ஆஸ்துமாவைத் தூண்டும் என்பதால் அதையும் ஒரு சின்ன ஃபேன் வைத்து முகத்திலிருந்து இழுத்து வெளியே தள்ள வேண்டும். ஈயம் வருவது கம்பியைப் பிடிக்கும் விரலிலிருந்து. இரண்டு கையும் வேலையாக இருக்கிறது என்று கம்பியைப் பல்லில் கவ்வாதீர்கள். முனையைத் துடைக்கும் ஸ்பாஞ்சும், பழைய ஈயத்தை உறிஞ்சும் பம்பின் உள்பக்கமும் ஈயத் துகள்தான். சாப்பாட்டு மேசையில் சால்டரிங் செய்யக் கூடாது. வேறு இடமே இல்லையென்றால் ஓரம் உள்ள தனித் தட்டுக்குள் செய்து, தட்டோடு எடுத்துப் போய்விடுங்கள்.

வண்ணக் கண்ணாடி வேலையில் செம்புப் பட்டை ஒட்டிச் செய்யும் முறைக்கு ஈயமில்லாத சால்டர் போதும். ஈயச் சட்டம் வைத்துச் செய்வதாக இருந்தால் வெட்டுவதும் கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பதும்தான் ஆபத்தான கட்டம். அங்கே மாஸ்க்கும் ஈரத் துடைப்பும் கட்டாயம்.

பழைய கதவு, ஜன்னல், தொட்டில் புதுப்பிக்கிறவர்கள் ஈயத்தைத் தொடுவதாகவே நினைப்பதில்லை. நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பெயின்ட், அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிறங்களில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மேற்பரப்பில் எமரித்தாள் தேய்க்க வேண்டாம், சாண்டர் மெஷின் போட வேண்டாம், தீ காட்டி உரிக்க வேண்டாம். தண்ணீர் தெளித்து, ஈரமாகவே சுரண்டி, கீழே விரித்த பிளாஸ்டிக் தாளோடு சுருட்டி எடுங்கள். பெயின்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால் சுரண்டாமல் அதன்மேலேயே நல்ல பூச்சு கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. தொட்டிலுக்கு மட்டும் அது பொருந்தாது. குழந்தை விளிம்பைக் கடிக்கும். பழைய பெயின்ட் தொட்டிலைப் பயன்படுத்தவே வேண்டாம்.

கசடும் மிச்சமும்

கசடு டப்பாவை மூடி, டேப் சுற்றி, "ஈய விஷம், திறக்காதே" என்று எழுதிப் பூட்டி வையுங்கள். குப்பை வண்டியில் போடாதீர்கள், குழி தோண்டிப் புதைக்காதீர்கள். வெறும் இரும்புக் கடையில் போட்டால் அவர்கள் வெறும் கையால் கொட்டிப் பார்ப்பார்கள். ஈய மறுசுழற்சிக்கு அனுமதி பெற்ற நிறுவனத்தின் விவரத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம். பேட்டரிக் கடைகளின் வழியாகவும் விசாரிக்கலாம். நல்ல ஈயத் துண்டுகளுக்கு எப்போதும் விலை உண்டு, தூண்டில் சாமான் செய்கிறவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

ரத்தப் பரிசோதனை

தொடர்ந்து ஈயம் உருக்குகிறவர்கள் தொடங்கும் முன் ஒரு முறையும், பிறகு வருஷத்துக்கு ஒரு முறையும் ரத்தத்தில் ஈய அளவைப் பாருங்கள். கோவை, ஈரோடு, சேலத்துப் பெரிய லேப்களில் ரத்தம் கொடுத்தால் வெளியூருக்கு அனுப்பிப் பார்த்துத் தருவார்கள். நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்; சிறுநீர், முடி வைத்துச் சொல்லும் கணக்கை நம்ப வேண்டாம். வெறும் வயிறு தேவையில்லை. ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

உடம்பு சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். வயிற்றுப் பிடிப்பு, மலச்சிக்கல், மூட்டு வலி, களைப்பு, ஈறில் நீலக் கோடு என்று அறிகுறி வரும்போது அளவு எங்கோ ஏறியிருக்கும். அதையும் வாயு என்றும் வேலைக் களைப்பு என்றும் தள்ளிவிடுவோம். வாழைப்பழமும் வெல்லமும் ஈயத்தை இறக்கிவிடும் என்பதில் உண்மையில்லை. ராகி, கீரை, எள், பால் எல்லாம் உடம்பில் இரும்பும் கால்சியமும் குறையாமல் பார்த்துக்கொள்ளும், அதனால் ஈயம் ஏறுவது கொஞ்சம் குறையலாம். ஏறிய ஈயத்துக்கு அவை மருந்து கிடையாது. ஈயத்தை வெளியேற்றும் மருந்தைச் சொந்தமாக வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து; அளவு மிக அதிகமாக இருந்தால் மருத்துவமனையில் வைத்துக் கொடுப்பார்கள்.

உங்கள் அளவு கூடியிருந்தால் உருக்குவதை அன்றே நிறுத்திவிட்டு, வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிக்கும் அதே வாரத்தில் ரத்தம் எடுத்துப் பாருங்கள்.